மீன்தொட்டியில் எழும் பகை

கல்வராயன் மலையில் மழை பெய்தால் ஓடைகள் பெருகிக் கோமுகியாற்றில் கலக்கும். ஆற்றுநீர் கச்சிராயபாளையத்தை அடுத்த அணையில் தேங்கும். அத்தகைய நீர்நிலைகளில் வாழும் மீன்களும் தம்முள் போரிடுவதுண்டு. குஞ்சுகளைக் காக்கும் விரால், அருகே வரும் எதனையும் பாய்ந்து துரத்தும். ஆயினும் தோற்ற மீன் சிறிது தொலைவு விலகிச் சென்றால் ஒரு பாறையிடுக்கோ கோரைப்புதரோ அதற்குப் புகலிடமாகும். துரத்திய மீனும் தன் எல்லைக்குள் திரும்பிவிடும்.

கள்ளக்குறிச்சி நகரத்து வீடொன்றின் கூடத்தில் வைத்த கண்ணாடித் தொட்டியின் நிலை வேறு. 2 அடி நீளமுள்ள தொட்டியில் ஓடுவதற்கு இடமேது? வலிய மீன் காலையில் துரத்தத் தொடங்கினால் மாலைவரை துரத்தும். மெலிய மீன் வால் கிழிந்து, செதில் உதிர்ந்து, இரையும் கொள்ளாமல் மூலையில் ஒடுங்கி மடியும். "இது பொல்லாத மீன்" என்பர் வீட்டார். பழி மீனுக்கு உரியதன்று. அதனை அவ்வாறு அடைத்து வைத்தவருக்கே உரியது.

மீன் சினங்கொள்வதற்குக் காரணம் உண்டு. அதனை ஆராய்ந்தவருள் ஒருவர் நிக்கோ டின்பெர்கன் என்னும் டச்சு அறிஞர். 1973-இல் நோபல் பரிசு பெற்றவர். முதுகில் முட்களையுடைய ஐரோப்பியச் சிறுமீன் ஒன்றை அவர் தொட்டியில் வளர்த்து நோக்கினார். இனப்பெருக்கக் காலத்தில் அவ்வின ஆண்மீனின் அடிப்புறம் சிவக்கும். மீனின் சாயலே இல்லாத பொம்மையின் அடிப்புறத்தில் சிவப்புப் பூசிக் காட்டியபோதும் ஆண்மீன் அதன்மேல் பாய்ந்தது. மீனைப்போலவே செய்த சிவப்பற்ற பொம்மையையோ அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. தன் இடத்திற்குப் போட்டியாக வந்தவனைக் காட்டும் அடையாளமே அதற்குச் சினமூட்டியது. தாய்லாந்து நாட்டுச் சண்டைமீன் கண்ணாடியில் தன் உருவத்தைக் கண்டே செவுள் விரித்துச் சீறும். அவ்வினத்து ஆண்கள் இரண்டை ஒரே தொட்டியில் விடுவது வம்பை விலைக்கு வாங்குவதாகும்.

எல்லா மீனுக்கும் தனிமை பொருந்தும் என்பதுமில்லை. உடலில் கருவரிகளையுடைய டைகர் பார்ப் கூட்டமாக வாழும் இனம். இரண்டு மூன்றாக விட்டால் பிற மீன்களின் துடுப்பைக் கடிக்கும். ஆறுக்குக் குறையாமல் விட்டால் தன் பூசலைப் பெரும்பாலும் தன் கூட்டத்திற்குள்ளேயே முடித்துக்கொள்ளும். எனினும் நீண்ட துடுப்புடைய ஏஞ்சல் மீனை அவற்றோடு சேர்க்காதிருத்தல் நன்று.

கற்களையும் நீர்ச்செடிகளையும் ஒரு மீனை மற்றொன்று எப்போதும் காணாதவாறு நடுநடுவே அமைத்தால் துரத்தல் குறையும். புதுமீனை விடும்முன் கற்களை இடம்மாற்றி வைத்தால் பழைய மீன் தன் எல்லையின் அடையாளத்தை இழக்கும். அதுவும் புதிதாக இடந்தேட நேரும். விளக்கை அணைத்தபின் விடுவது இன்னும் நல்லது. இரையை ஒரே மூலையில் தூவாமல் இரண்டு மூன்று இடங்களில் தூவலாம்.

இவ்வளவு செய்தும் அடங்காத மீனைத் தனித்தொட்டிக்கு மாற்றவேண்டும். அல்லது விற்றவரிடமே திருப்பித் தரலாம். இரக்கப்பட்டுக் கோமுகி அணையில் விடுதல் மட்டும் ஆகாது. 1952-இல் இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மீனாகிய ஜிலேபிக் கெண்டை இன்று தமிழ்நாட்டு ஏரிகளிலும் அணைகளிலும் பல்கி, நாட்டு மீன்களின் இரைக்கும் இடத்திற்கும் போட்டியாக நிற்கிறது. அதனை இனி எவராலும் வடித்தெடுக்க இயலாது.