எச்சரிக்கை மணி மட்டும் போதுமா?

பழைய வானொலிப் பெட்டியைக் கழற்றிப் பூட்டிப் பார்க்கும் பிள்ளைகள் எல்லா ஊரிலும் உண்டு. இன்று அதே ஆர்வத்தோடு, பூமியதிர்ச்சியை அறிவிக்கும் கருவியொன்றை வீட்டிலேயே செய்து பார்ப்போர் உலகின் பல நாடுகளில் இருக்கின்றனர். இது வெறும் விளையாட்டா, உயிர் காக்கும் வேலையா என்று சிலர் கேட்கக்கூடும். அது அக்கருவியைச் சுற்றி வாழும் மக்களைப் பொறுத்தது என்பதே எனது கருத்து.

முதலில் கருவி வேலை செய்யும் விதத்தைப் பார்ப்போம். நிலத்தடியில் பாறை உடைந்து நகரும்போது இருவகை அலைகள் புறப்படுகின்றன. முதலாவது அலை செக்கனுக்கு ஏறத்தாழ 6 கிலோமீற்றர் வேகத்தில் வருகிறது. அதனால் பெரும்பாலும் சேதம் குறைவு. சுவரைச் சாய்க்கும் இரண்டாவது அலை ஏறத்தாழ 3.5 கிலோமீற்றர் வேகத்தில் பின்னால் வருகிறது. மின்னலைக் கண்டு இடி கேட்கும்வரை நாம் எண்ணுவதில்லையா? அதைப் போன்றதே இதுவும். அதிர்ச்சி 100 கிலோமீற்றருக்கு அப்பால் தோன்றினால் இரண்டு அலைகளுக்கும் இடையே 12 செக்கன் கிடைக்கும். 20 கிலோமீற்றரில் தோன்றினால் கிடைப்பது இரண்டரைச் செக்கனுக்கும் குறைவே.

கருவிக்கு வேண்டியவை மூன்று: ஆர்டுயினோ போன்றதொரு நுண்கட்டுப்படுத்திப் பலகை, மூன்று திசைகளிலும் அசைவை அளக்கும் ஆர்முடுகல்மானிச் சில்லு, சத்தமிடும் பஸர். கைத்தொலைபேசியைச் சரித்ததும் படமும் திரும்புவது இவ்வகைச் சில்லினாலேயே. கடந்த அரைச் செக்கனின் அசைவைக் கடந்த அரை நிமிடத்தின் சராசரியோடு ஒப்பிட்டு, அது பலமடங்கு கூடினால் பஸரை ஒலிக்கச் செய்யும்படி பலகைக்குக் கட்டளை எழுத வேண்டும். மின்சாரம் நின்றாலும் இயங்கப் பற்றரியும் தேவை.

பெட்டியை மேசையில் வைத்தால் பூனை குதித்தாலும் அலறும். தரையிலோ அத்திவாரத்தோடு சேர்ந்த தூணிலோ இறுக்கிப் பூட்ட வேண்டும். அப்போதுங்கூட உரல் இடித்தாலோ லொறி போனாலோ ஏமாறும். ஆகவே சற்றுத் தள்ளியுள்ள இரண்டு வீடுகளில் ஒவ்வொன்று வைத்து, இரண்டும் ஒருங்கே அசைந்தால் மட்டும் ஒலிக்கச் செய்வது நல்லது. மலிவான சில்லு மெல்லிய முதல் அலையைத் தவறவிடுவதும் உண்டு.

இத்தகைய எச்சரிக்கையில் நீண்ட அனுபவமுள்ள நாடு மெக்சிக்கோ. 1985 செப்ரெம்பர் 19 இல் பசுபிக் கரையில் ஏற்பட்ட அதிர்ச்சி, 350 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள தலைநகரில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. அதன்பின் 1991 முதல் கரையோரத்தில் உணரிகள் அமைக்கப்பட்டு, அவை கொடுக்கும் செய்தி வானொலி அலைவழியே நகரைச் சென்றடையலாயிற்று. 2020 இல் அந்நாட்டின் கிறில்லோ நிறுவனம், தன் மலிவான உணரியின் அமைப்பை எவரும் எடுத்துப் பயன்படுத்தலாமென வெளியிட்டது.

ஆயினும் 2017 இல் நடந்ததைக் கவனியுங்கள். செப்ரெம்பர் 7 இரவு, தெற்குக் கரையில் 8.2 அளவான அதிர்ச்சி தோன்றியபோது தலைநகர மக்களுக்கு ஒரு நிமிடத்துக்கும் மேலாக அவகாசம் கிடைத்தது. செப்ரெம்பர் 19 இல், ஏறத்தாழ 120 கிலோமீற்றரில் 7.1 அளவான அதிர்ச்சி தோன்றியபோதோ, சைரனும் ஆட்டமும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்தன. அன்று காலைதான் அந்நகரம் வெளியேறும் ஒத்திகை நடத்தியிருந்தது. அவகாசம் இல்லாதபோது துணைநிற்பவை, ஒத்திகையில் பழகிய கால்களும் உறுதியான கட்டடமுமே.

இதில் எமக்கென்ன பாடம்? 2004 டிசெம்பர் 26 ஐ நாம் மறக்கவில்லை. சுமாத்திராவுக்கு அருகே பூமி அதிர்ந்து ஏறத்தாழ இரண்டு மணித்தியாலங்களின் பின்னரே கடல் எமது கிழக்குக் கரையில் ஏறியது. இந்நாட்டில் 30,000 க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அன்று வீட்டுக்கு வீடு இப்பெட்டி இருந்திருந்தாலும் பயனிராது. 1,500 கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து வரும் மெல்லிய அசைவை மலிவான சில்லு பிரித்தறியாது. அறிந்தாலும், கடல் வருகிறதென்று அது சொல்லாது. எமக்கு இரண்டு மணித்தியாலம் இருந்தது. சொல்ல ஆளில்லை.

அதிர்ச்சிக்கு மிக அருகிலிருந்த சிமெலுவே தீவில் நிலைமை வேறு. 1907 இல் அத்தீவைக் கடல் அழித்த கதையைப் பாட்டன் பாட்டிமார் 'ஸ்மொங்' என்ற பெயரில் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தனர். நிலம் பலமாக ஆடினால் மேட்டுக்கு ஓடு என்பதே அதன் சாரம். 2004 இல் மக்கள் அவ்வாறே ஓடினர். 70,000 க்கும் மேற்பட்டோர் வாழ்ந்த அத்தீவில் இறந்தோர் 7 பேர் மட்டுமே எனப் பதிவாகியுள்ளது.

இடம்பெயர்ந்தோர் இதை ஆழ்ந்து சிந்திக்க வேண்டும். சொந்த மண்ணில் வெள்ளம் எந்தப் பக்கத்தால் வரும், எந்த மேடு தாங்கும் என்பது எமக்குத் தெரிந்திருந்தது. புதிய இடத்தில் அந்த அறிவு எம்மோடு வருவதில்லை. அதனை அவ்விடத்து மூத்தோரிடம் கேட்டே பெறவேண்டும். 2004 ஐக் காணாத பிள்ளைகள் இன்று வளர்ந்துவிட்டனர். அவர்களுக்கு நாம் என்ன சொல்லியிருக்கிறோம்?

பிள்ளைகள் பெட்டி செய்ய விரும்பினால் தடுக்காதீர்கள். ஆனால் அதைச் சுவரில் பூட்டுமுன் குடும்பமாக உட்கார்ந்து பேசுங்கள். பாட்டியைத் தூக்குவது யார்? எந்த வழியால் போவது? எங்கே ஒன்றுகூடுவது? அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அறிவித்தலை ஒழுங்கையின் கடைசி வீட்டுக்குக் கொண்டுபோவது யார்? இவற்றுக்கு விடை கண்டு, ஆண்டுக்கு ஒருமுறையேனும் நடந்து பாருங்கள். அதன்பின் ஒலிக்கும் மணிக்கே பயனுண்டு.