டிராக்டருக்குத் தேய்மானம் போடுகிறார்கள், நம் உடம்புக்கு?



போன பருத்திப் பட்டத்தில் பக்கத்து ஊரில் நடந்தது. ஒன்றரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்த ஒரு தம்பி, மருந்தடித்துவிட்டு வரப்பில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். வாயில் நுரை. 108 வந்தது. அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுக் காப்பாற்றினார்கள். அதற்கு நாம் நன்றி சொல்கிறோம். ஆனால் அவர் வீடு திரும்பியபோது வெடித்த பருத்தி எடுக்க ஆளில்லாமல் மழையில் நனைந்து கிடந்தது. உரக்கடையில் பாக்கி. சம்சாரத்தின் தோடு அடகுக்கடையில். மறு மாதமே அதே டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு அடுத்தவன் வயலுக்குக் கூலிக்கு மருந்தடிக்கப் போனார்.

"மூஞ்சியில துணி கட்டிக்கிட்டு அடிக்கக்கூடாதா? படிக்காத ஜனம்!" என்று சொல்ல ஆள் இருக்கிறது. நாம் கேட்பது வேறு கேள்வி. செத்துப் பிழைத்தவர் மறுபடி அதே டேங்கைத் தூக்கினாரே, அதற்குக் காரணம் அறியாமையா, வறுமையா?

மருந்து என்று பெயர், விற்பது விஷம்

2017-ஆம் ஆண்டு மகாராஷ்டிர மாநிலம் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்குப் பூச்சிமருந்து அடித்தவர்களில் 20 பேருக்கு மேல் செத்தார்கள். அதே ஆண்டு நம் பெரம்பலூர் மாவட்டத்திலும் பருத்திக்காட்டில் மருந்தடித்தவர்கள் உயிரைவிட்டார்கள். டப்பாவில் சிவப்பு முக்கோணம் போட்டிருக்கிறது. கையுறை போடு, முகமூடி போடு என்று பொடி எழுத்தில் அச்சடித்திருக்கிறது. சித்திரை வெயிலில் ஆளுயரச் செடிக்குள்ளே அதையெல்லாம் மாட்டிக்கொண்டு எவ்வளவு நேரம் நிற்க முடியும்? அதை வாங்கக் காசு எங்கே?

எந்தப் பூச்சிக்கு எந்த மருந்து என்று சொல்ல வேண்டியவர் வேளாண்மைத் துறை அலுவலர். அவர் தலையில் பல ஊர்களைக் கட்டியிருக்கிறார்கள். ஆகவே கடன் கொடுக்கிற கடைக்காரர்தான் நமக்கு டாக்டர். அவர் எடுத்துக் கொடுப்பதுதான் மருந்து. பாக்கி வைத்திருக்கிறவன் "இது வேண்டாம், வேற குடுங்க" என்று எப்படிக் கேட்பான்?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நம்மில் இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் தன் கையால் அடிப்பதைக் குறைத்துக்கொண்டு, காலனியிலிருந்து ஆள் கூப்பிடுகிறார். நம் வயலுக்கு வருஷத்தில் நாலு தரம் விஷம் என்றால், அந்த ஆளின் உடம்புக்கு எத்தனை வயலின் விஷம்? நிலம் இல்லாதவனுக்கு விஷம் அதிகம். குடிதண்ணீர்க் குழாய் கடைசியாகப் போவதும் அவன் தெருவுக்குத்தான். நோய் சாதி பார்க்காது என்பார்கள். நாம் பார்க்கிறோம், அதனால் நோயும் பார்க்கிறது.

வெயிலும் சிறுநீரகமும்

சர்க்கரை வியாதி இல்லை, ரத்தக்கொதிப்பு இல்லை, ஆனாலும் சிறுநீரகம் கெட்டுப்போன விவசாயிகளை நம் ஊர்ப்பக்கமே பார்க்கிறோம். ஆந்திராவில் உத்தானம் பகுதி இதற்குப் பேர்போனது. மத்திய அமெரிக்காவில் நிகரகுவா, எல் சால்வடார் நாடுகளில் கரும்பு வெட்டும் இளவயதுக்காரர்கள் இதே நோயில் செத்தார்கள். காரணம் ஒன்றல்ல என்கிறார்கள் மருத்துவர்கள். ஆனால் கொளுத்தும் வெயிலில் தண்ணீரும் ஓய்வும் இல்லாமல் கடுமையாக உழைப்பது பெரிய காரணம் என்பதில் சந்தேகம் குறைந்துவிட்டது. அங்கே தண்ணீர், ஓய்வு, நிழல் மூன்றையும் ஏற்பாடு செய்த இடங்களில் பாதிப்பு குறைந்ததையும் கண்டிருக்கிறார்கள்.

இது பெரிய விஞ்ஞானமா? நம் பாட்டிக்கே தெரியும். ஆனால் டன் கணக்கில் கூலி வாங்குகிற வெட்டாள் நிழலில் உட்கார்ந்தால் அவன் கூலி அல்லவா உட்கார்ந்துவிடும்? ஓய்வெடுக்கச் சொல்லி புத்திமதி சொன்னால் போதாது. ஓய்வு நேரத்துக்கும் கூலி வேண்டும்.

ஆஸ்பத்திரி வந்தது, ரத்தம் ஊறவில்லை

தமிழ்நாட்டில் 100-க்கு 99 பிரசவத்துக்கு மேல் மருத்துவமனையில்தான் நடக்கிறது என்று 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. பெருமைதான். அதே ஆய்வு, 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்றும் சொல்கிறது. பாதிக்கு மேல்!

மாத்திரை கொடுக்கிறார்கள், விடாமல் சாப்பிட வேண்டும். ஆனால் வீட்டில் பருப்பு, கீரை, முட்டை இல்லாமல் மாத்திரை மட்டும் எத்தனை நாள் தாங்கும்? நடவுக்குப் போகிற தாய்மார்கள், ஒதுங்க இடமில்லை என்று காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. நீர்க்கடுப்பு, காய்ச்சல் என்று படுக்கிறார்கள். மிச்சம் மீதியைக் கடைசியில் சாப்பிடுவதும் அவர்கள்தான். இது அரசாங்கத்தின் குற்றம் மட்டுமில்லை தோழர்களே, நம்ம வீட்டுக் குற்றமும்தான்.

படுத்தால் சோறு யார் போடுவது?

முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. வேண்டியதுதான். ஆனால் அறுவை சிகிச்சைக்கு அட்டை உதவும், கூட இருந்து பார்க்கிறவரின் கூலிக்கு உதவாது. பஸ்ஸுக்கு உதவாது. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த இ.எஸ்.ஐ.யில், ஆலைத் தொழிலாளி நோயில் படுத்தால் ஆண்டுக்கு 91 நாள் வரை கூலியில் 70 சதவீதம் கிடைக்க வழி செய்தார்கள். நாட்டுக்கே சோறு போடுகிறவன் காய்ச்சலில் பத்து நாள் படுத்தால் அவனுக்கு என்ன வழி? வட்டிக்கடைதான் வழி.

மக்கள் பிறந்து வளர்கிற, வேலை பார்க்கிற நிலைமைகள்தான் யார் நோயில் விழுவார், யார் நீடித்து வாழ்வார் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் அமைத்த குழு 2008-இல் தந்த அறிக்கையின் சாரம் இது. இதைச் சொல்ல நமக்கு ஜெனீவா போக வேண்டாம், வரப்பில் நின்று பார்த்தால் போதும்.

ஆகவேதான் சொல்கிறோம், நெல் விலையும் ஒரு சுகாதாரக் கோரிக்கை. 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு சாதாரண ரக நெல்லுக்கு அறிவித்த ஆதார விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். அந்த விலைக்கான செலவுக் கணக்கில் விதை இருக்கிறது, உரம் இருக்கிறது. டிராக்டருக்கும் கருவிக்கும் தேய்மானம்கூட இருக்கிறது. மருந்தடித்துப் படுத்த பத்து நாள் இல்லை. கெட்டுப்போன சிறுநீரகம் இல்லை. இரும்புக்குத் தேய்மானம் உண்டு, நம்ம எலும்புக்கு இல்லை! உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது என்கிற பழமொழியில் உடம்பையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டிய காலம் இது.

நம் கோரிக்கைகள்

1. சிறு, குறு, குத்தகை விவசாயிகளுக்கும் விவசாயத் தொழிலாளர்களுக்கும் நோய்க்கால ஊதியம் வழங்கு!

2. சிவப்பு முக்கோண விஷங்களின் விற்பனையை நிறுத்து! பாதுகாப்பு உடைகளை இலவசமாகக் கொடு! ஆரம்ப சுகாதார நிலையங்களில் 24 மணி நேரமும் விஷமுறிவு ஊசி வை!

3. ஊருக்கு ஊர் ஆண்டுதோறும் சிறுநீரகப் பரிசோதனை நடத்து!

4. கரும்பு வெட்டு, நடவு நடக்கும் இடங்களில் குடிநீர், நிழல், கழிப்பிடம், கூலியோடு ஓய்வு கொடு!

5. காலனித் தெருக்களுக்கு முதலில் பாதுகாக்கப்பட்ட குடிநீர் கொடு!

6. சுவாமிநாதன் குழு சொன்னபடி, முழு உற்பத்திச் செலவோடு 50 சதவீதம் சேர்த்து விலை கொடு!

அரசாங்கத்திடம் கேட்கும்போதே நாமும் ஒரு முடிவெடுப்போம். உச்சி வெயிலில் மருந்தடிக்க யாரையும் அனுப்பமாட்டோம். ஓய்வெடுத்த நேரத்துக்குக் கூலி பிடிக்கமாட்டோம்.

வட்டாட்சியர் அலுவலகத் தர்ணாவுக்குக் கிளைக்குப் பத்துப் பேராவது குடும்பத்தோடு வாருங்கள். வட்டியை நினைத்து வைத்தியத்தைத் தள்ளிப்போட்டவர்கள் கட்டாயம் வாருங்கள். இந்த நோட்டீசைப் படித்துவிட்டுக் கீழே போடாதீர்கள், அடுத்த வீட்டுக்குக் கொடுங்கள். படிக்கத் தெரியாதவருக்குப் படித்துச் சொல்லுங்கள்.

உழைப்பவர் உடம்பைக் காப்போம்! ஒன்றுபடுவோம்! போராடுவோம்! வெற்றி பெறுவோம்!