பிரமிடும் பாட்டாளியும்

பாட்டுக் கேட்க மாட்டுப் பண்ணைக்குப் போகிறார்கள், இரண்டு இலட்சம் பேர்! இங்கிலாந்தில், சாமர்செட் வட்டாரத்தில், பில்டன் எனும் சிற்றூரில் இருக்கிறது அந்தப் பால் பண்ணை. ஜூன் மாதக் கடைசியில் ஐந்து நாட்கள் அது மாநகராகிவிடும். தொள்ளாயிரம் ஏக்கருக்கு மேல் பரப்பு, நூற்றுக்கு மேற்பட்ட மேடைகள். கிளாஸ்டன்பரி விழா என்று அதற்குப் பெயர்.

சீமான்களின் கேளிக்கை, நமக்கென்ன என்று ஒதுக்கிவிட வேண்டாம், தோழர்களே! அதன் பிறப்பு அப்படிப்பட்டதல்ல. மைக்கேல் ஈவிஸ் என்ற பண்ணைக்காரர் 1970 செப்டம்பரில் முதல் விழா நடத்தினார். நுழைவுக் கட்டணம் ஒரு பவுன். வந்தவர் 1,500 பேர். அத்தனை பேருக்கும் பண்ணைப் பால் இலவசம்! மறு ஆண்டு அந்த ஒரு பவுனும் இல்லை. சாரக் குழாய்களை அடுக்கி, பிரமிடு வடிவில் மேடை கட்டினர். முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் அரபெல்லா சர்ச்சில். ஆம், வின்ஸ்டன் சர்ச்சிலின் பேத்தியேதான்!

1981-ல் மேடையை நிலையாகக் கட்டினர். எதைக் கொண்டு? தந்திக் கம்பங்களைக் கொண்டும், பாதுகாப்பு அமைச்சகம் கழித்துவிட்ட தகடுகளைக் கொண்டும். அந்த ஆண்டு விழாவோ அணு ஆயுத ஒழிப்பு இயக்கத்துக்காக! படைக்கென்று அடித்த தகடு, குண்டு வேண்டாம் என்று பாடியவர்களுக்குக் கூரையாயிற்று. விழா முடிந்து குளிர்காலம் வந்தால், அதே பிரமிடுதான் மாட்டுக் கொட்டகை. 1994-ல் அதைத் தீ தின்றது. இப்போது இருப்பது 2000-ல் எழுப்பிய எஃகுப் பிரமிடு.

அந்தப் பெரிய மேடையில் யார் ஏறலாம் என்பதிலும் ஒரு சண்டை வந்தது. 2008-ல் அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் ஜே-சீ பாட வருகிறார் என்றதும், ஒயேசிஸ் குழுவின் நோயல் கேலகர் கூடாது என்றார். இது கித்தார் இசையின் மரபுக்குரிய இடமாம்! எத்தனை ஆண்டு மரபு? முப்பத்தெட்டு ஆண்டு! அதற்குள் மரபாகி, மரபு வேலியாகிவிட்டது. ஜே-சீ என்ன செய்தார் தெரியுமா? கித்தாரை மாட்டிக்கொண்டு மேடையேறி, கேலகரின் பாட்டையே பாடிக் காட்டிவிட்டு, பிறகு தம் பாட்டைத் தொடங்கினார். கூட்டம் ஆர்ப்பரித்தது. 2019-ல் இலண்டனின் கறுப்பின இளைஞர் ஸ்டார்ம்சி அதே மேடையில் தலைமைப் பாடகராக நின்றபோது, மரபு பேசியவர்களின் குரல் எடுபடவில்லை.

சரி, பிரமிடை விட்டு நடப்போம். மழை பெய்திருந்தால் முழங்கால் வரை சேறு, நடக்கத்தான் வேண்டும். வெஸ்ட் ஹோல்ட்ஸ் என்றொரு மேடை; பல நாட்டு இசைக்கும் இடம் தருவது. 2014-ல் அங்கே பாடியவர் மாதங்கி அருள்பிரகாசம். யாழ்ப்பாணத்தில் பிள்ளைப் பருவம், போருக்குத் தப்பி அகதியாக இலண்டன், பிறகு உலகறிந்த பாடகி எம்.ஐ.ஏ. நம் இனத்துப் பெண்ணின் குரலையும் கேட்ட பண்ணை அது!

இன்னும் நடந்தால் லெஃப்ட் ஃபீல்டு கூடாரம். இடதுசாரிகளின் கூடாரம். பாட்டும் உண்டு, பேச்சும் உண்டு. 2010 முதல் நிகழ்ச்சிகளைத் தொகுத்து வருபவர் பாடகர் பில்லி பிராக். தொழிற் கட்சியின் டோனி பென் முதுமையிலும் வந்து பேசிய இடம். கூலி உயர்வு, வேலைநிறுத்தம், வீட்டு வாடகை, இனவெறி எதிர்ப்பு ஆகியவை பற்றியெல்லாம் இசை விழாவுக்கு நடுவே விவாதம்!

இன்னொன்றும் சொல்லவேண்டும். அங்கே பீர்க் கடைகளில் ஊற்றிக் கொடுப்போரில் பலர் ஒர்க்கர்ஸ் பீர் கம்பெனி வழியாக வரும் தொண்டர்கள். பீரா என்று முகம் சுளிக்காதீர்கள். அது அவர்கள் நாட்டு வழக்கம். முறையைக் கவனியுங்கள். சங்கக் கிளை ஆள் அனுப்புகிறது. அவர் உழைத்த நேரத்துக்கான கூலி அவர் பைக்குப் போவதில்லை. அனுப்பிய சங்கத்தின் நிதிக்குப் போகிறது. வேலை நேரம் முடிந்ததும் அவர் பாட்டுக் கேட்கலாம். துண்டேந்தி நிதி திரட்டும் நம் தோழர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஆனால், தொலைக்காட்சியில் பி.பி.சி. நேரலையாகக் காட்டுவது ஐந்து பெரிய மேடைகளை. கூடாரத்துக்குக் காமிரா வருவதில்லை. வீட்டிலிருந்து பார்ப்பவனுக்கு விழா என்றால் பிரமிடு, பிரமிடு என்றால் விழா!

நேரே போய்ப் பார்க்கலாமே என்பீர்கள். 2025-ல் நுழைவுச் சீட்டு 373 பவுன் 50 பென்ஸ். பதிவுக் கட்டணம் 5 பவுன் தனி. அந்த ஆண்டு அந்நாட்டில் சட்டப்படி குறைந்த கூலி மணிக்கு 12 பவுன் 21 பென்ஸ். வகுத்துப் பாருங்கள்: 31 மணி நேர உழைப்பு! பயணமும் சோறும் வேறு. 1970-ன் ஒரு பவுனை விலைவாசி ஏற்றத்தோடு பெருக்கினாலும் இன்றைக்கு இருபத்தைந்து பவுனைத் தாண்டாது. 2000-ல் சீட்டின்றிப் பல்லாயிரவர் உள்ளே புகுந்தனர் என்று, 2002-ல் சுற்றிலும் எஃகு வேலியும் எழுந்தது.

ஈவிஸைக் கொடியவர் என்று நாம் சொல்ல வரவில்லை. கிராமத்து உழைப்பாளர் குடியிருக்க வீடு கட்ட நிலம் தந்தவர். 1997 தேர்தலில் தொழிற் கட்சிக்காக நின்று தோற்றவர். வருவாயில் பெருந்தொகை ஆக்ஸ்ஃபாம், வாட்டர்எய்டு போன்ற அமைப்புகளுக்குப் போகிறது. ஐந்து நாளுக்கு ஒரு மாநகரைக் கட்டும் செலவும் சிறிதல்ல. சீட்டுகள் ஒரு மணி நேரத்துக்குள் விற்றுத் தீர்கின்றனவே, தவணையும் உண்டே என்கிறார்கள். தீர்கின்றன, மெய்தான். வாங்குபவர் யார் என்பதல்லவா கேள்வி? கடைக்கு உள்ளே நின்று ஊற்றிக் கொடுக்க வருகிற தொழிலாளி, கடைக்கு வெளியே நின்று கேட்க வர முடிகிறதா?

2026-ல் நிலம் இளைப்பாறட்டும் என்று விழாவை நிறுத்தி வைத்து, அடுத்தது 2027-ல் என்று அறிவித்தனர். சங்கங்களின் வழியாகக் குறைந்த விலையில் ஒரு பகுதிச் சீட்டுகளைத் தொழிலாளர் குடும்பங்களுக்கு ஒதுக்குங்கள் என்று லெஃப்ட் ஃபீல்டு தோழர்கள் இப்போதே கேட்கட்டும். அதைக் கேட்பதற்கு அவர்கள் கையில் ஒரு மேடையே இருக்கிறது.