மஞ்சள் ஃபேஸ்வாஷில் மஞ்சள் எவ்வளவு இருக்கு?

ரீல்ஸைத் தள்ளிக்கொண்டே போனால், எப்படியும் ஒரு மஞ்சள் சீரம் விளம்பரம் வந்துவிடும். 'பாட்டி காலத்து ரகசியம்', 'ஆன்டிஆக்ஸிடன்ட் பவர்' என்று பின்னணிக் குரல் வேறு. ஆர்டர் போடுவதற்கு முன்னால் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். அந்த பாட்டிலின் பின்பக்கப் படத்தை ஜூம் பண்ணிப் பாருங்கள்.

மஞ்சள்மேல சந்தேகம் இல்லைங்க. அதில் உள்ள குர்குமின்தான் அந்த நிறத்துக்கும், ஆன்டிஆக்ஸிடன்ட் குணத்துக்கும் முக்கியக் காரணம். காயம் ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு 1995-ல் அமெரிக்காவில் காப்புரிமையே கொடுத்துவிட்டார்கள். 'இது எங்க ஊர்ல எல்லா வீட்டுக்கும் தெரிஞ்ச விஷயமாச்சே' என்று நம்ம சிஎஸ்ஐஆர் பழைய நூல் ஆதாரங்களோடு போய் நிற்க, 1997-ல் அது ரத்தானது. 2019-ல் ஈரோடு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆக, பெயருக்கு மதிப்பு இருக்கு. அந்தப் பெயரைத்தான் பாட்டிலின் முன்பக்கத்தில் பெருசாகப் போடுகிறார்கள்.

பின்பக்கம் வேற கதை. இந்தியாவின் 2020 காஸ்மெட்டிக்ஸ் விதிகள்படி, 1 சதவீதத்துக்கு மேல் உள்ள பொருள்களை அதிக அளவில் தொடங்கி இறங்குவரிசையில் எழுத வேண்டும். 1 சதவீதமும் அதற்குக் கீழும் உள்ளவற்றை அதற்குப் பிறகு எந்த வரிசையிலும் எழுதலாம். அந்த 1 சதவீதக் கோடு எங்கே விழுகிறது என்று கண்டுபிடிக்க ஒரு சின்ன வழி இருக்கு. பட்டியலில் 'ஃபினாக்ஸிஎத்தனால்' என்ற பெயரைத் தேடுங்கள். கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்க்கும் பொருள் அது. அதன் உச்சவரம்பே 1 சதவீதம்தான். 'குர்குமா லோங்கா ரூட் எக்ஸ்ட்ராக்ட்', அதாவது நம்ம மஞ்சள், அதற்குப் பின்னால் வந்தால் அதுவும் 1 சதவீதத்தைத் தாண்டாது.

என் ஃபேஸ்வாஷைத் திருப்பிப் பார்த்தேன். மஞ்சள் கடைசிக்கு முந்தின இடம். கடைசி இடத்தில் சிஐ 19140 என்ற எண். அது டார்ட்ராசின் என்ற செயற்கை மஞ்சள் நிறமி! இத்தனை நாள் நான் மயங்கினது அந்த நிறத்துக்குத்தான்.

1 சதவீதத்துக்குக் கீழ் என்றாலே வேஸ்ட் என்று சொல்ல முடியாது. ரெட்டினால் போன்றவை அந்த அளவிலேயே வேலை செய்யும். ஆனால் மஞ்சள் கிழங்கிலேயே குர்குமின் பெரும்பாலும் 2 முதல் 5 சதவீதம்தான். அது தண்ணீரில் கரையாது, வெளிச்சம் பட்டால் சிதையும், தோலுக்குள்ளும் லேசில் இறங்காது. அரை நிமிஷத்தில் கழுவிவிடுகிற ஃபேஸ்வாஷில் அது என்ன செய்துவிடும், சொல்லுங்கள்?

இதற்கென்றே நிறமில்லாத டெட்ராஹைட்ரோகுர்குமினைச் சேர்க்கிற சீரம்களும் இருக்கின்றன. குர்குமினைவிட அது நிலையானது, முகத்தில் மஞ்சள் கறையும் படாது. பட்டியலில் அந்தப் பெயர் இருந்தால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

நியாசினமைடு என்றால் 5, 10 என்று சதவீதத்தை முன்பக்கத்திலேயே பெருமையாகப் போடும் பிராண்டுகள், மஞ்சள் என்று வந்தால் பெரும்பாலும் படம் மட்டும்தான் போடுகின்றன. வாங்கும் முன் கஸ்டமர் கேருக்கு 'மஞ்சள் எத்தனை சதவீதம்?' என்று ஒரு மெயில் தட்டிவிடுங்கள். வாங்கிவிட்டால், முதலில் முன்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி ஒரு நாள் பொறுங்கள். மஞ்சளும் சிலருக்கு அலர்ஜி ஆகும்.