குடிவர்றவங்களுக்குக் கையேடா, குற்றப்பத்திரிகையா?

சென்னையில புதுசா ஒரு அபார்ட்மெண்டுக்குக் குடி போனா இப்பல்லாம் சாவியோட ஒரு புத்தகமும் குடுக்கறாங்க. சில இடத்துல வாட்ஸ்அப்ல பிடிஎஃப். ‘வெல்கம் ஹேண்ட்புக்’னு பேரு. எங்க வீட்டுக்கு வந்ததோட, நண்பர்கள் வீட்டுலேர்ந்தும் நாலஞ்சு வாங்கிப் படிச்சேன். (செமஸ்டர் நேரத்துல பாடப் புத்தகம் தவிர எதுவுமே சுவாரசியமாத்தான் இருக்கும்.)

வெல்கம்னு அட்டையில மட்டும்தான் இருக்கு. உள்ள முழுக்க மிரட்டல். பால்கனியில துணி காயப்போடாதே. வாசல்ல செருப்பு ஸ்டாண்டு வைக்காதே. வேலைக்கு வர்ற அக்காக்கள் மெயின் லிஃப்ட்ல ஏறக் கூடாது. பேச்சிலர்ஸ் வீட்டுக்கு ராத்திரி பத்து மணிக்கு மேல யாரும் வரக் கூடாது. மீறினா ஐநூறு, ஆயிரம். ஒண்ணுல நாய் வளர்க்கவே தடை. பெரும்பான்மை ஓட்டு போட்டாக் கூட அப்படித் தடை போட முடியாதுன்னு இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-லயே சொல்லிடுச்சு. அசோசியேஷன்ல யாரும் பார்க்கல போல.

நான் சொல்றது இதுதான். அசோசியேஷன் நம்மகிட்ட என்ன எதிர்பார்க்குதுன்னு எழுத ரெண்டு பக்கம் போதும். நாம அவங்ககிட்ட என்ன கேக்கலாம், ஆபத்துன்னா என்ன பண்ணணும்கறதுக்குத்தான் மீதிப் புத்தகம்.

முதல்ல காசு (காமர்ஸ் படிக்கிறவன் வேற எங்க ஆரம்பிப்பான்?). மெயிண்டனன்ஸ் எந்தத் தேதிக்குள்ள கட்டணும், லேட்டானா எவ்வளவு அபராதம்னு தடித்த எழுத்துல போடறாங்க. அந்தக் காசு எங்க போகுதுன்னு ஒரு வரி கிடையாது. போன வருஷ வரவு செலவுக் கணக்கை ஒரு பக்கத்துல போட்டா என்ன? சிங்கிங் ஃபண்ட்ல எவ்வளவு இருக்கு? நாற்பது வீடு இருக்கு, இருபது வருஷம் கழிச்சு லிஃப்ட் மாத்த இருபது லட்சம் ஆகும்னு வெச்சுக்குங்க. இன்னிலேர்ந்து சேர்த்தா வீட்டுக்கு மாசம் 208 ரூபாய். சேர்க்காம விட்டா ஒரு நாள் காலையில வீட்டுக்கு ஐம்பதாயிரம்னு நோட்டீஸ் ஒட்டுவாங்க. அப்ப சண்டை போட ஆரம்பிச்சு, முடியற வரைக்கும் நாலாவது மாடிப் பாட்டி படியில ஏறணும்.

ஜிஎஸ்டி இன்னொரு கூத்து. அசோசியேஷனோட வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டி, மாச மெயிண்டனன்ஸும் வீட்டுக்கு 7,500-ஐத் தாண்டினா 18 சதவீதம் வரி. மொத்தத் தொகைக்கும் கட்டணும்னு 2019-ல மத்திய அரசு சுற்றறிக்கை வந்துச்சு. தாண்டின தொகைக்கு மட்டும்தான்னு 2021-ல சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பு சொல்லுச்சு. 7,600 கட்டறவருக்கு முதல் கணக்குல வரி 1,368 ரூபாய், ரெண்டாவதுல 18 ரூபாய். உங்க அசோசியேஷன் எந்தக் கணக்குல வாங்குதுன்னு எந்தக் கையேட்டுலயாவது பார்த்தீங்களா?

இதைவிட முக்கியமானது தண்ணி. 2015 டிசம்பர்லயும், 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலப்பவும் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் என்ன ஆச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். அந்த ரெண்டு தடவையும் இந்தக் கட்டடத்துல எந்தப் படி வரைக்கும் தண்ணி ஏறுச்சு? கார் பார்க்கிங் முழுகிச்சா? மெயின் சுவிட்ச் எங்க இருக்கு, யார் அணைக்கணும்? தண்ணி ஏறும்போது லிஃப்டை எந்த மாடியில நிறுத்தி வைக்கணும்? சம்ப் மூடி எங்க, நம்ம வீட்டு வால்வு எது? இதெல்லாம் ஒரே ஒருத்தருக்குத்தான் தெரியும், வாட்ச்மேன் அண்ணனுக்கு. உண்மையான கையேடு அவர் தலைக்குள்ள இருக்கு. அவர் லீவுல ஊருக்குப் போனா அதுவும் கூடவே போயிடும்.

ஏன் எழுத மாட்டேங்கறாங்கன்னா, எழுதினா ஃபிளாட் விலை இறங்கிடுமாம். ஒரு செயலாளர் என்கிட்ட நேராவே சொன்னார். சார், வாங்க வர்றவர் பக்கத்து டீக்கடையில ஒரு டீ குடிச்சாலே 2015 கதை முழுசும் கிடைச்சிடும். தெரியாம இருக்கப் போறவர் வாடகைக்கு வந்து அடித்தளத்துல பைக்கை நிறுத்தறவர் மட்டும்தான்.

வாடகைக்காரங்கன்னதும் ஞாபகம் வருது. வீட்டு ஓனர் மெயிண்டனன்ஸ் பாக்கி வெச்சா அந்த வீட்டுக்குத் தண்ணியை நிறுத்துவோம்னு ஒரு கையேட்டுல இருக்கு. ஓனர் எங்கயோ வெளிநாட்டுல ஷவர்ல குளிப்பார், இங்க பக்கெட்டோட நிக்கறது வாடகைக்கு இருக்கற குடும்பம். 2019-ல அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், அத்தியாவசிய வசதிகளை வீட்டுக்காரரே நிறுத்தக் கூடாதுங்குது. வீட்டுக்காரருக்கே இல்லாத அதிகாரம் அசோசியேஷனுக்கு எங்கேர்ந்து வந்துச்சாம்? பாக்கியை ஓனர்கிட்ட வசூல் பண்ணுங்க.

‘நாங்க சம்பளம் இல்லாம பண்றோம் தம்பி, இதுக்கெல்லாம் நேரம் ஏது’ம்பாங்க. வாஸ்தவம். ராத்திரி பதினோரு மணிக்கு மோட்டார் ரிப்பேர்னு போன் பண்ணா எடுக்கறவங்க அவங்கதான், அந்த மரியாதை எனக்கு உண்டு. ஆனா நான் பார்த்த ஒரு கையேட்டுல செருப்பு ஸ்டாண்டுக்கு மட்டும் ஒண்ணரைப் பக்கம், படத்தோட. அதுக்கு நேரம் இருந்துச்சே. அந்தப் படத்தை எடுத்துட்டு, அதே இடத்துல மெயின் சுவிட்ச் இருக்கற இடத்தைப் படமாப் போடுங்க.