நிறத்துக்கும் விடைத்தாளா?

சிவப்பு கோபம், நீலம் துயரம் என அச்சிட்ட அட்டையை முன்பள்ளிச் சுவரில் தொங்கவிட்டு, உணர்ச்சிக் கல்வி நிறைவேறிற்று என மகிழ்வோர் நம்மிடையே உளர். 2015இல் வெளிவந்த 'இன்சைட் அவுட்' என்னும் அமெரிக்கத் திரைப்படமும் அவ்வாறே பூசிற்று. ஆயின் நம் பிள்ளை கண்ட சிவப்பு மணமகளின் கூறைச்சேலை. கண்ட துயரமோ செத்தவீட்டில் கட்டிய வெள்ளை. தொல்காப்பிய உரியியல் சிவப்போடு கறுப்பையும் வெகுளிக்கு உரியதாக்கும். இவற்றுள் எதனை அந்த அட்டை ஏற்கும்? அதனைக் கழற்றுக, வெறுந்தாளைக் கொடுத்துப் பிள்ளையிடமே கேட்க. கோபத்தைப் பச்சையால் தீட்டிய சிறுமியொருத்தியின் தாளில் பிழைக்குறி விழ நான் கண்டதுண்டு. ஏன் பச்சை என அவளை எவரும் வினவினாரில்லை. அடுத்த தாளில் அவள் சிவப்பையே பூசினாள்.