ஷென்டன் வேயில் யாரைக் குடியேற்றுகிறீர்கள்?

தேசிய வளர்ச்சி அமைச்சருக்கும் நகர மறுசீரமைப்பு ஆணையத்தாருக்கும்,

வேலை முடிந்ததும் ஆளரவமற்றுப் போகும் மத்திய வர்த்தக வட்டாரத்தில் மக்களைக் குடியமர்த்த வேண்டும் என்ற உங்கள் எண்ணத்தை முழுமனத்தோடு ஆதரிக்கிறேன். வார நாள் மதியத்தில், டிஷ்யூ பாக்கெட்டை மேசையில் வைத்து இடம்பிடித்தால்தான் அமோய் ஸ்திரீட் உணவங்காடி நிலையத்தில் உட்கார முடியும். ஞாயிற்றுக்கிழமை அங்கே போனால் பல கடைகள் மூடிக் கிடக்கும். அலுவலகங்களோடு வட்டாரமும் அடங்கிவிடுகிறது.

இதை மாற்றத்தான் 2019இல் ஊக்குவிப்புத் திட்டம் கொண்டுவந்தீர்கள். ஆன்சன் ரோடு, சிசில் ஸ்திரீட், ஷென்டன் வே, ராபின்சன் ரோடு, தஞ்சோங் பகார் பகுதிகளில் 20 ஆண்டு கடந்த அலுவலகக் கட்டடத்தை இடித்து, வீடோ ஹோட்டலோ சேர்த்துக் கட்டினால் 25 முதல் 30 விழுக்காடு வரை கூடுதல் தளப்பரப்பு. ஃபுஜி ஜெராக்ஸ் டவர்ஸ் போய் நியூபோர்ட் ரெசிடென்சஸ் வருகிறது, வீடுகள் 246. ஆக்சா டவர் இருந்த இடத்தில் 305 மீட்டர் உயரத்துக்கு ஸ்கைவாட்டர்ஸ், வீடுகள் 190. அவற்றில் ஒன்று 2024இல் 47.3 மில்லியன் வெள்ளிக்கு விலைபோனது.

இத்தகைய வீடு எப்படிப்பட்டது என்பதற்கு, இந்தத் திட்டத்துக்கு முன்பே எழுந்த குவோகோ டவரைப் பார்க்கலாம். தஞ்சோங் பகார் எம்ஆர்டி நிலையத்தின் மேல், 2010இல் அரசு 99 ஆண்டுக் குத்தகைக்கு விற்ற நிலம் அது. உச்சியில் மூன்று மாடிகளைச் சேர்த்து ஒரே பென்ட்ஹவுஸ், 21,108 சதுர அடி. பிரிட்டிஷ் தொழிலதிபர் ஜேம்ஸ் டைசன் அதை 2019இல் 73.8 மில்லியன் வெள்ளிக்கு வாங்கி, மறு ஆண்டே 62 மில்லியனுக்கு விற்றார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. சட்டப்படி வாங்கினார், சட்டப்படி விற்றார். அந்தப் பரப்பில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) நாலறை வீடுகள் ஏறக்குறைய இருபது அடங்கும் என்பதுதான் என் மனத்தை உறுத்துகிறது.

அந்தக் கோபுரத்துக்கு அருகிலேயே தஞ்சோங் பகார் பிளாசா இருக்கிறது. பழைய வீவக புளோக்குகள். தாழ்வாரத்தில் செருப்பு அலமாரி, தொட்டியில் துளசி, மூங்கில் கழியில் காயும் பள்ளிச் சீருடை. ஈரச்சந்தைக்குத் தள்ளுவண்டியை இழுத்துவரும் பாட்டிகளுக்கு மீன்காரரின் பெயர் தெரியும். சற்றுத் தள்ளி, 2009இல் கட்டி முடித்த பினாக்கிள்@டக்ஸ்டன்: ஏழு புளோக்குகள், ஐம்பது மாடிகள், 1,848 வீடுகள். கடலும் நகரமும் தெரியும் உயரத்தில் சாதாரணக் குடும்பங்களைக் குடிவைத்தது உங்கள் அமைச்சுதான். அந்தத் துணிவை நான் இன்றும் மதிக்கிறேன்.

குடும்பங்கள் போனால் என்ன போகும் என்பது இந்த வட்டாரத்துத் தமிழர்களுக்குத் தெரியும். கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் வந்த தமிழ் முஸ்லிம்கள் இங்கே வேரூன்றினார்கள். 1946இல் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி தொடங்கியது. பிறகு குடும்பங்கள் புதுநகரங்களுக்குப் பெயர்ந்தன, பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிகளுக்குப் போனார்கள். 1982இல் பள்ளி மூடப்பட்டது.

கூடுதல் பரப்புக்கு நில மேம்பாட்டுக் கட்டணம் வாங்குகிறோமே என்பீர்கள். சரி, அந்தப் பணம் கருவூலத்துக்குப் போகிறது. ஆனால் ஷென்டன் வேயில் குடியிருக்க ஆள் வேண்டும் என்றல்லவா இந்தச் சலுகையே பிறந்தது? நகர மையத்தில் கட்டும் ‘பிரைம்’ வகை வீவக வீட்டை வாங்கும் இளந்தம்பதி பத்தாண்டுகள் அங்கேயே குடியிருக்க வேண்டும். அதன்பிறகும் முழு வீட்டை வாடகைக்கு விட முடியாது. பொதுப் பணத்தில் மானியம் தருகிறோம், ஆகவே நிபந்தனை என்கிறீர்கள். நியாயம்தான். விண்ணில் கூட்டிக்கொடுக்கும் தளப்பரப்பும் பொதுச் சொத்துதானே? அதை வாங்குகிறவருக்கு மட்டும் ஏன் அந்தக் கட்டுப்பாடு இல்லை?

என் வேண்டுகோள் இது. கூடுதல் பரப்பில் ஒரு பகுதியைக் கட்டணமாக வாங்காமல் வீடுகளாகவே வாங்குங்கள். அதே கட்டடத்தில், அதே மின்தூக்கியில் ஏறிப்போகும் வீடுகளாக அவை இருக்கட்டும். வீவக அவற்றை இந்த வட்டாரத்தில் உழைப்பவர்களுக்கு வாடகைக்கு விடட்டும்: விடியுமுன் அலுவலகத் தரை துடைக்க வரும் அம்மாவுக்கு, இரவுக்காவல் பார்க்கும் பெரியவருக்கு, மருத்துவமனை ஷிப்ட் முடிந்து ஊட்ரம் பக்கமிருந்து தூரத்து வீட்டுக்குத் திரும்பும் தாதிக்கு. சலுகை பெற்ற கட்டடங்களில் உண்மையாகவே எத்தனை வீடுகளில் ஆட்கள் வசிக்கிறார்கள் என்ற கணக்கையும் ஆண்டுதோறும் வெளியிடுங்கள். அடுத்த கட்டடத்தை இடிக்க அனுமதி கேட்டு விண்ணப்பம் வரும்போது, இந்த நிபந்தனையைச் சேர்த்து எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

மரியாதையுடன்,
தஞ்சோங் பகார்வாசி ஒருவர்